மைனஸ் ஒன்றா, மைனஸ் பன்னிரண்டா? இசைத்தட்டைப் பதிவு செய்ய எந்த அளவு

இசைத்தட்டு ஒன்றைக் கணினியில் பதிந்துகொண்டிருந்தேன். 22 நிமிடம் ஓடும் பக்கம். 19ஆவது நிமிடம் வரை மீட்டர் மைனஸ் 3 டெசிபலை எட்டிப் பார்ப்பதும் இறங்குவதுமாக ஒழுங்காகத்தான் இருந்தது. கடைசிப் பாட்டில் டிரம்பெட்டுகள் எல்லாம் சேர்ந்து எழுந்தபோது சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. பதிவு அளவுக் குமிழைக் கொஞ்சம் குறைத்துவிட்டு முதலிலிருந்து ஓட்டினேன். அதே இடத்தில் மறுபடியும் சிவப்பு. மூன்றாவது முறை தப்பித்தேன். ஆனால் ஒரே ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது. அலமாரியில் இன்னும் 200 தட்டுகள் இருந்தன. பதிவு அளவை எங்கே வைப்பது என்ற கேள்வியை அன்றைக்குத்தான் முதன்முறையாக உட்கார்ந்து யோசித்தேன்.

இந்த வேலையில் இறங்கியவர்களைக் கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள் வரும். உச்சம் மைனஸ் 1ஐத் தொடும் வரை ஏற்று என்பார் ஒருவர். மைனஸ் 6 போதும் என்பார் இன்னொருவர். மைனஸ் 12க்கு மேல் போகவே விடாதே, ஒருமுறை வைத்த குமிழை அப்புறம் தொடாதே என்பார் மூன்றாமவர். இவை போக, அளவைத் தானாகவே ஏற்றி இறக்கும் வசதி, மிகச் சிறிய அளவையும் மிகப் பெரிய அளவையும் ஒரே முறையில் எழுதிவைக்கும் 32 பிட் ஃப்ளோட் பதிவுக் கருவி என்று இரண்டு கிளைவழிகளும் உண்டு. நான் முதலாமவராகத் தொடங்கி மூன்றாமவராக மாறியவன். ஆகவே நடுவர் வேடம் போடப் போவதில்லை.

கேசட் காலத்துப் பழக்கம்

டிஜிட்டல் மீட்டரில் பூஜ்யம்தான் கூரை. அதற்கு மேல் எண்ணே கிடையாது. அதனால்தான் எல்லா அளவும் மைனஸில் இருக்கிறது. அலை அந்தக் கூரையைத் தாண்ட முயன்றால் அதன் தலை தட்டையாகச் சீவப்பட்டுப் பதிவாகும். சீவப்பட்ட பகுதியில் என்ன இருந்தது என்பது கோப்பில் எங்கும் இருக்காது. இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள்.

ஒலிநாடாவில் கதை வேறு. நாடாவுக்கே உரிய ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் இசைக்கு மிக அருகில் இருந்ததால், அளவைக் குறைத்துப் பதிந்தால் அந்த இரைச்சல் மேலே வந்து நிற்கும். அதனால் முள் சிவப்புக் கோட்டை உரசும்படி ஏற்றியே பதிவார்கள். கொஞ்சம் தாண்டிவிட்டாலும் நாடா பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்ளும். ஒலி சற்றே கனத்து மழுங்கும், அவ்வளவுதான். இந்த அனுபவத்தோடு கணினிக்கு வந்தவர்கள் கையோடு பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். கணினிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

முதல் வழி: கூரையை ஒட்டி

மைனஸ் 1 கட்சிக்காரர்களின் வாதம் வெறும் பழக்கம் மட்டும் அல்ல. அதில் கணக்கும் இருக்கிறது. ஒலியின் அளவை எண்ணாக எழுதும் இலக்கம்தான் பிட். ஒவ்வொரு பிட்டும் ஏறக்குறைய 6 டெசிபல் தருகிறது. 16 பிட் பதிவில் மொத்தம் 96 டெசிபல் இடம். உச்சத்தை மைனஸ் 12இல் நிறுத்தினால் இரண்டு பிட்டுகள் வீண். 16 பிட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு 14 பிட்டை ஏன் வாங்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி.

கேள்வி சரி. ஆனால் அந்த வீணான இரண்டு பிட்டுகளில் என்ன பதிவாகியிருக்கும் என்பதைப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஐந்து நிமிடம் போதும், யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். சத்தமான ஒரு தட்டின் உச்சம் மைனஸ் 12இல் நிற்கும்படி குமிழை வைத்துக்கொண்டேன். பிறகு ஊசியைத் தூக்கித் தாங்கியில் வைத்துவிட்டு, எல்லாக் கருவிகளும் இயங்கும் நிலையில் மீட்டரைப் பார்த்தேன்: மைனஸ் 84. அடுத்து தட்டின் விளிம்பில், பாட்டு தொடங்குவதற்கு முன்னுள்ள வெறும் பள்ளத்தில் ஊசியை இறக்கினேன். இசை இன்னும் வரவில்லை, ஆனால் மீட்டர் மைனஸ் 62க்குத் தாவிவிட்டது. அந்த 22 டெசிபல் முழுவதும் ஊசி பிளாஸ்டிக்கை உரசும் சத்தமும், தட்டைச் சுழற்றும் பொறியின் உறுமலும்தான்.

ஆக, என் சத்தமான தட்டில் இசையின் உச்சத்துக்கும் பள்ளத்தின் இரைச்சலுக்கும் இடையில் 50 டெசிபல். 16 பிட்டின் அடித்தளம் மைனஸ் 96ஐ ஒட்டி இருக்கிறது. பள்ளத்தின் இரைச்சலுக்குக் கீழே இன்னும் 34 டெசிபல் சும்மா கிடக்கிறது. நான் குமிழை ஏற்றி உச்சத்தை மைனஸ் 1க்குக் கொண்டுபோனால் பள்ளத்தின் இரைச்சலும் கூடவே மைனஸ் 51க்கு ஏறி வரும். இடைவெளி அதே 50தான். இசை ஒரு துளி கூடத் தெளிவாகவில்லை. கூரை மட்டும் தலைக்கு நெருக்கமாகிவிட்டது. வீணான இரண்டு பிட்டுகளில் நான் இழந்தது கீறல் சத்தத்தின் நுட்பமான விவரங்களைத்தான் என்றால் அந்த இழப்புக்கு நான் அழப் போவதில்லை.

எண்கள் உங்கள் கருவிகளில் வேறாக வரும். பொதுவாக நல்ல நிலையில் இருக்கும் எல்பி தட்டில் இந்த இடைவெளி 50க்கும் 70க்கும் இடையில் எங்காவது இருக்கும். 96ஐ அது நெருங்காது. முடிவு அதனால் மாறப்போவதில்லை.

இந்த வழிக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தாலே பதிவு கெட்டுவிட்டது என்று பொருளில்லை. தட்டில் உள்ள கீறல்கள் சில சமயம் இசையைவிடப் பல டெசிபல் மேலே பாயும். அப்படிப் பாய்ந்த ஒரு ‘டக்’ கூரையில் மோதித் தட்டையானால் என்ன நஷ்டம்? அதை எப்படியும் மென்பொருளில் நீக்கத்தான் போகிறோம். ஊசி இறங்கும்போதும் ஏறும்போதும் கேட்கும் ‘தொம்’ சத்தமும் இப்படித்தான். எரிச்சலான விஷயம், விளக்கைப் பார்த்து இது கீறலா டிரம்பெட்டா என்று சொல்ல முடியாது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கீறல் என்றால் ஒற்றை ஊசிபோல நிமிர்ந்து நிற்கும். தட்டின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும் கீறலாக இருந்தால், நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் சரியாக 1.8 நொடிக்கு ஒருமுறை அதே ஊசி திரும்ப வரும். இசை மோதியிருந்தால் பக்கத்துப் பக்கத்தில் பல முகடுகள் ஒரே மட்டத்தில், அரத்தால் தேய்த்தது போலத் தெரியும். இதைக் காது கண்டுபிடித்துவிடும். குரலின் உச்சத்தில் ஒரு கரகரப்பு. கிளிப்பைச் சரிசெய்யும் மென்பொருள்கள் உண்டு, ஆனால் அவை சீவப்பட்ட தலையை ஊகித்து வரைகின்றன.

இரண்டாவது வழி: மைனஸ் 6, ஒத்திகையோடு

மைனஸ் 6இல் ஒரு பிட் போனாலும் தலைக்கு மேல் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. 16 பிட் மட்டுமே பதியக்கூடிய கருவி வைத்திருப்பவர்களுக்கு இது மோசமான தேர்வு அல்ல. சிக்கல், இதற்கு ஒத்திகை தேவைப்படுகிறது. தட்டின் மிகச் சத்தமான இடம் எங்கே என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். தட்டை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். சத்தமான பகுதிகளில் பள்ளங்கள் அகன்று ஆடியிருப்பதால் ஒளி வேறு மாதிரிச் சிதறும், அமைதியான பகுதிகள் வழவழவென்று கறுப்பாக இருக்கும். அந்த இடத்தில் ஊசியை வைத்து, மீட்டரைப் பார்த்து, குமிழைத் திருப்பி, பிறகு முதலிலிருந்து பதிய வேண்டும்.

ஒரு தட்டுக்கு இது ரசனையான வேலை. 200 தட்டுக்கு இது தண்டனை. மேலும் இரண்டாம் பக்கத்தில் வேறொரு சத்தமான இடம் இருக்கும். நீளமான பக்கங்களில் பள்ளங்களை நெருக்கிப் போட வேண்டியிருப்பதால் சத்தத்தைக் குறைத்தே வெட்டியிருப்பார்கள். 45 சுற்றில் ஓடும் 12 அங்குலத் தட்டுகள் தாராளமான சத்தத்தோடு வரும். ஒவ்வொன்றுக்கும் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தால், ஒரே ஆல்பத்தின் இரண்டு பக்கங்கள் இரண்டு வேறு அளவில் வந்து நிற்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. முதல் பக்கத்தை ஒரு ஞாயிறும் இரண்டாம் பக்கத்தை அடுத்த ஞாயிறும் பதிந்தேன். கேட்டால் பாதியில் யாரோ ஒலியைக் குறைத்துவிட்டது போல இருந்தது.

மூன்றாவது வழி: 24 பிட், மைனஸ் 12, குமிழைத் தொடாமல்

24 பிட் என்றால் கணக்குப்படி 144 டெசிபல். எந்த மின்சுற்றும் அவ்வளவு அமைதியாக இருக்காது. மின் அலையை எண்ணாக மாற்றிக் கணினிக்குத் தரும் பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். ஓரளவு நல்லது 110ஐ ஒட்டித் தரும். அதுவே இசைத்தட்டுக்குத் தேவையானதைவிட மிக அதிகம். எனவே கூரைக்கு அருகில் போக வேண்டிய கட்டாயமே இல்லை. அலமாரியில் இருப்பதிலேயே சத்தமான தட்டு எது என்று தேடி எடுங்கள். அதன் உச்சம் மைனஸ் 12 அல்லது மைனஸ் 10இல் நிற்கும்படி குமிழை வையுங்கள். அதற்குப் பக்கத்தில் வெள்ளை மையால் ஒரு புள்ளி. அதன் பிறகு எந்தத் தட்டு வந்தாலும் அதே புள்ளிதான்.

மெல்லிய ஒலியுள்ள தட்டுகள் மைனஸ் 20ஐக்கூட எட்டாமல் போகலாம். மீட்டரில் பச்சைக் கோடு பாதியில் தவழ்வதைப் பார்த்தால் பழைய கை குமிழைத் தேடிப் போகும். விட்டுவிடுங்கள். பதிந்த பிறகு மென்பொருளில் எத்தனை டெசிபல் வேண்டுமானாலும் ஏற்றலாம். ஏறும்போது இசையும் பள்ளத்து இரைச்சலும் ஒரே அளவில்தான் ஏறும், இடைவெளி குறையாது. இந்த வழியின் உண்மையான லாபம், பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பக்கத்து அறைக்குப் போகலாம் என்பது.

இதிலும் எல்லை இருக்கிறது. உச்சம் மைனஸ் 35, மைனஸ் 40 என்று பாதாளத்தில் கிடந்தால் இன்டர்ஃபேஸின் சொந்த இரைச்சல் பள்ளத்து இரைச்சலை நெருங்கத் தொடங்கும். 16 பிட் பதிவில் அந்த ஆபத்து இன்னும் சீக்கிரம் வந்துவிடும். அதோடு கோப்பும் பெரிதாகும்: 44.1 கிலோஹெர்ட்ஸில் 16 பிட் ஸ்டீரியோ நிமிடத்துக்கு 10 மெகாபைட் சொச்சம் என்றால், 24 பிட் சுமார் 16. இதைவிட 96 கிலோஹெர்ட்ஸ் போகிறேன் என்றால் நிமிடத்துக்கு 35 ஆகும். அது வேறு விவாதம். அளவு அமைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டு கிளைவழிகள்

தானியங்கி அளவு வசதியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை: அணைத்துவிடுங்கள். பாட்டு அடங்கும் இடத்தில் அது அளவை ஏற்றும், பள்ளத்து இரைச்சல் அலைபோலப் பொங்கி வரும். பாட்டு எழும்போது அமுக்கும். பேச்சுக்காகச் செய்த கருவி அது. சில கணினிகளில் இது நாம் கேட்காமலேயே இயங்கிக்கொண்டிருக்கும், ஆகவே ஒலி அமைப்புகளுக்குள் போய் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

32 பிட் ஃப்ளோட் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் ‘32 பிட் ஃப்ளோட்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு இனி கிளிப்பிங் வராது என்று நம்பிவிடுகிறார்கள். மென்பொருள் ஃப்ளோட்டில் சேமிக்கிறது, உண்மைதான். ஆனால் மின் அலையை எண்ணாக மாற்றும் வேலை இன்டர்ஃபேஸில் ஏற்கெனவே முடிந்துவிட்டது. அங்கே தலை சீவப்பட்டிருந்தால் மென்பொருள் சீவிய தலையைத்தான் பத்திரமாகச் சேமிக்கும். மாற்றும் கட்டத்திலேயே ஃப்ளோட்டுக்கென்று வடிவமைத்த கருவிகள் தனியாக இருக்கின்றன. அப்படியொன்று கையில் இருந்தால் அளவைப் பற்றிய கவலை பெரும்பாலும் தீர்ந்தது. இசைத்தட்டுக்காக மட்டும் அதைப் போய் வாங்க வேண்டுமா என்றால், தேவையில்லை என்பேன். இந்த வேலைக்கு 24 பிட்டே அதிகம்.

எந்தக் குமிழ்?

அளவு எவ்வளவு என்பதைப் போலவே எங்கே குறைக்கிறோம் என்பதும் முக்கியம். ஊசியின் அசைவை மின் அலையாக்கும் பகுதிதான் கார்ட்ரிட்ஜ். அதிகம் புழங்கும் வகையிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. ஃபோனோ பிரீஆம்ப் அதை ஏறக்குறைய 100 மடங்கு, அதாவது 40 டெசிபல் பெருக்குகிறது. மூவிங் காயில் வகையில் வரும் மின்னழுத்தம் அதைவிடவும் மிகக் குறைவு. அதற்கு 60 டெசிபல் வரை வேண்டும். பல பிரீஆம்புகளில் இரண்டுக்கும் நடுவே மாற்றும் ஒரு சிறு பொத்தான் இருக்கும். சாதாரணக் கார்ட்ரிட்ஜை வைத்துக்கொண்டு அந்தப் பொத்தானை மூவிங் காயில் பக்கம் தள்ளிவிட்டால் பிரீஆம்புக்குள்ளேயே அலை மோதிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் எந்தக் குமிழைக் குறைத்தாலும் சீவிய தலை சீவியதுதான், அளவு மட்டும் சின்னதாகியிருக்கும்.

கண்டுபிடிக்க வழி எளிது. உச்சங்கள் மைனஸ் 5 அல்லது மைனஸ் 8இல் நிற்கின்றன, மீட்டர் பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனால் அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் முகடுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் தட்டையாக இருக்கின்றன என்றால், கோளாறு முன்னாலேயே நடந்திருக்கிறது. சங்கிலியில் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போக வேண்டும். கணினித் திரையில் இருக்கும் ஒலியளவுப் பட்டையை இழுப்பதாலும் சில அமைப்புகளில் இதேதான் நடக்கும்; அது எண்ணாக மாறிய பிறகு வேலை செய்கிறது. இன்டர்ஃபேஸின் முகப்பில் கையால் திருப்பும் குமிழ்தான் நம்பத்தக்கது.

யூஎஸ்பி டர்ன்டேபிள் வைத்திருப்பவர்களுக்குத்தான் உண்மையில் தேர்வுகள் குறைவு. பிரீஆம்பும், அலையை எண்ணாக மாற்றும் சுற்றும் உள்ளேயே இருக்கின்றன. பலவற்றில் 16 பிட்தான், குமிழும் கிடையாது. சிலவற்றின் அடியிலோ பின்னாலோ ஒரு சிறு திருகு இருக்கும், திருப்பிப் பாருங்கள். இல்லாவிட்டால் சத்தமான தட்டை ஓட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள்: மோதவில்லை என்றால் தயாரித்தவர்களே மூன்றாவது வழியை உங்களுக்காகத் தேர்ந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் பதியலாம். மோதுகிறது என்றால், அதே டர்ன்டேபிளில் சாதாரண ஆடியோ வெளியீடு இருந்தால் அதைத் தனி இன்டர்ஃபேஸில் செருகுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

தலைக்கு மேல் இடம் விடுவதற்குக் காதுக்குக் கேட்காத ஒரு காரணமும் உண்டு. வளைந்த தட்டு ஒவ்வொரு சுற்றிலும் ஊசியைத் தூக்கி இறக்குகிறது. 33⅓ வேகத்தில் நொடிக்கு 0.55 முறை. ஒலிபெருக்கியின் கூம்பு மெதுவாக மூச்சு விடுவது போல ஆடும். காதுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அலைவடிவம் முழுவதும் பாம்பு போல நெளியும். இசையின் முகடு அந்த நெளிவின் மேட்டில் வரும்போது கூரையில் இடிக்கும். பதிந்த பிறகு 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டினால் நெளிவு போய்விடும். பதியும்போது அதற்கும் இடம் கொடுத்தாக வேண்டும்.

ஏற்றுவது கடைசியில்

மூன்றாவது வழியை எடுத்துக்கொண்டவர்கள் ஒரு வரிசையை மறக்கக் கூடாது: முதலில் வடிகட்டல், பிறகு கீறல் நீக்கம், அதற்கப்புறம்தான் அளவை ஏற்றுவது. ஒருமுறை அவசரத்தில் பதிந்த கையோடு நார்மலைஸ் செய்தேன், அதாவது உச்சத்தைக் குறித்த அளவுக்கு ஏற்றும்படி மென்பொருளிடம் சொன்னேன். மென்பொருள் வெறும் 2 டெசிபல் ஏற்றிவிட்டு முடிந்தது என்றது. பாட்டு இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. தேடிப் பார்த்தால், 14ஆவது நிமிடத்தில் ஒரே ஒரு கீறல் மைனஸ் 3இல் நின்றுகொண்டிருந்தது. இசையின் உச்சம் மைனஸ் 13. மென்பொருளுக்குக் கீறலும் உச்சம்தான். அந்த ஒரு ஊசியை நீக்கிவிட்டு மறுபடி செய்தபோது 12 டெசிபல் ஏறியது.

ஏற்றும்போது இரண்டு பக்கங்களையும் ஒரே கோப்பாக வைத்து ஒரே அளவில் ஏற்றுங்கள், பாட்டுகளாகப் பிரிப்பது அதன் பிறகு. ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியே ஏற்றினால் தாலாட்டும் கொண்டாட்டமும் ஒரே சத்தத்தில் வந்து நிற்கும். 24 பிட்டில் பதிந்ததை 16 பிட்டாக மாற்ற விரும்பினால் அதுவும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

விதிவிலக்கு ஒன்று. தட்டை வெட்டும்போது மேல் சுருதிகளை ஏற்றி, ஓட்டும்போது அதே அளவு அடக்கும் பொது முறைதான் ஆர்ஐஏஏ சமன்படுத்தல். அது 1954இல் வழக்குக்கு வந்தது. அதற்கு முந்திய 78 சுற்றுத் தட்டுகளை வெட்டிய முறைகள் வேறு வேறு. அவற்றைச் சமன்படுத்தாமல் நேராகப் பதிந்து பிறகு மென்பொருளில் சரிசெய்பவர்கள் உண்டு. ஆர்ஐஏஏ வழியில் மேல் சுருதிகளை 20 டெசிபல் வரை அடக்கும் ஏற்பாடு இருக்கிறது. நேர்ப்பதிவில் அது இல்லை. அதனால் கீறல்கள் கத்தி போலப் பாயும். அங்கே மைனஸ் 12 பத்தாது. மைனஸ் 18, தேவைப்பட்டால் மைனஸ் 20. வெள்ளைப் புள்ளிக்குப் பக்கத்தில் என் இன்டர்ஃபேஸில் ஒரு சிவப்புப் புள்ளியும் இருப்பது இதற்காகத்தான்.

முன்பு மைனஸ் 1இல் பதிந்து வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் திரும்பப் பதிய வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம். ஆடாசிட்டியில் கிளிப்பான இடங்களைத் தேடிக் குறித்துக் காட்டும் வசதி இருக்கிறது. கோப்பை அதில் ஓட்டுங்கள். குறிகள் கீறல்களில் மட்டும் விழுந்தால் அந்தப் பதிவு நல்ல பதிவுதான். நான் பழைய முறையில் பதிந்திருந்த 30 சொச்சம் தட்டுகளில் இப்படிப் பார்த்தபோது நான்கைத்தான் மறுபடி அலமாரியிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.